மாசியில் வரும் மகனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

மாசியில் இங்கே வந்து கடற்கழுகைப் படமெடுக்க எந்த லென்ஸை வாங்குவது என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு லென்ஸின் விபரத்தையும் பார்த்தோம். அம்மாவுக்கு விலைதான் கவலை, எனக்கு எடை. சோனியின் 600 மில்லிமீற்றர் எஃப் 4, சூம் இல்லாத அந்தப் பெரிய லென்ஸ், மூன்று கிலோ. 200-600 சூம் லென்ஸ் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். விலையில் ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கடன் எடுத்து அந்தப் பெரியதை வாங்காதே, மகன். 200-600 உனக்குப் போதும்.

பெரிய லென்ஸ் இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது உண்மை. விடியற்புறம் அதில் கமராவின் ஒளியுணர்திறனை, அந்த ஐஎஸ்ஓவை, 1600 வைக்கிற இடத்தில் இதில் 4000 வேண்டிவரும். படத்தில் கொஞ்சம் நொய்ஸ், புள்ளி புள்ளியாக, தெரியும், அவ்வளவுதான். ஆனால் கழுகு எந்தப் பக்கத்தால் வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று கிலோவைக் கையில் ஏந்திக் காத்திருந்தவனுக்கு, அது வருகிற நேரம் கை ஓய்ந்துபோயிருக்கும். கடற்கழுகு சிறகை விரித்தால் இரண்டு மீற்றர் வரும். கிட்ட வந்துவிட்டால் 600இல் சிறகு வெட்டுப்படும். சூம் என்றால் 200இல் பறவையைக் கண்டுபிடித்துப் பிறகு நெருங்கலாம். அதோடு அந்த 200-600, சூமைத் திருப்பும்போது வெளியே நீளாது. நம்முடைய உப்புக்காற்று அவ்வளவாக உள்ளே போகாமல் இருக்க அது பெரிய உதவி.

சரி, லென்ஸை விடு. நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது காற்றைப் பற்றி. இந்தப் பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எழும்பும். மாசியில் இங்கே வாடை. காலையில் சூரியன் கடல் பக்கம், காற்றும் ஏறக்குறைய அந்தப் பக்கத்தால்தான். நீ கிழக்குக்கு முதுகைக் காட்டி வாவியைப் பார்த்து நின்றால், கழுகு உன்னை நோக்கி வரும், அதன் முகத்தில் வெயிலும் விழும். மேற்குப் பக்கத்தால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழ். அப்போது பின்னேரம்தான் நல்லது. பழைய கல்லடிப் பாலத்தில் கனபேர் நல்ல கமராவோடு நின்று கழுகின் முதுகைத்தான் எடுக்கிறார்கள். காற்று வரும் திசையைக் கவனித்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்தால் கண்ணே கிடைத்திருக்கும்.

கொப்பில் இருக்கும் கழுகையும் கவனி. உடம்பை முன்னுக்குச் சாய்த்து, வாலைத் தூக்கி எச்சமிட்டால் அநேகமாகப் பறக்கப்போகிறது. அப்போதே விரலை ஷட்டரில் வை. ஷட்டர் வேகத்தை செக்கனில் 2000இல் ஒரு பங்கை விட மெதுவாக வைக்காதே. கடற்கழுகு தண்ணீருக்குள் பாயாது. சரிவாகத் தாழ்ந்து வந்து, கடைசி நொடியில் இரண்டு காலையும் முன்னுக்கு எறிந்து, நீர்மட்டத்தில் தெரிகிற மீனைப் பற்றிக்கொண்டு போகும். விரால் அடிப்பான், ஒஸ்பிரே என்கிற மீன்பிடிப் பறவை, அப்படியில்லை. கால் முன்னாக விழுந்து முழுவதும் நனைந்து எழும்பும். கொஞ்சம் உயர்ந்ததும் உடம்பை உலுக்கித் தண்ணீரை உதறும். அந்த உதறலுக்காகக் காத்திரு.

கறுத்த நீருக்கு முன்னால் வெள்ளை நெஞ்சு வந்தால் கமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகெல்லாம் வெளிறிப்போகும். வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது பாதியாக, குறை. வானத்துக்கு எதிரே என்றால் கூட்டு. வெயில் ஏறிய பிறகு வாவிக்கு மேலே காற்று நடுங்கத் தொடங்கும், அதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. வீட்டுக்கு வந்து சாப்பிடு.

முதலில் செம்பருந்தோடு பழகு. கும்பாபிஷேகத்தில் கருடன் வந்துவிட்டது என்று எல்லாரும் அண்ணாந்து கும்பிடுகிறார்களே, அதுதான். மீன் வெட்டுகிற இடங்களில் தாராளமாக வட்டமிடும். அதன் தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றது பெரும்பாலும் செம்மை. அதை ஒழுங்காக எடுக்கப் பழகினால் கடற்கழுகு கஷ்டமில்லை.

நீ இருக்கும் சிட்னியிலும் இதே கடற்கழுகுதான். ஒலிம்பிக் பூங்காவில் ஒரு கூட்டுக்குக் கமரா பூட்டி நேரடியாகக் காட்டுகிறார்களாமே, கூடு நடத்துகிற காலத்தில் தவறாமல் பார். தாயும் தகப்பனும் மாறி மாறிக் காவல் இருப்பதைக் கண்டால், இங்கே கூட்டுக்குக் கிட்ட ஏன் உன்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று விளங்கும். நீ வருகிற மாசியில் கூட்டில் குஞ்சிருக்கும். மனிதனைக் கண்டு தாய் எழும்பிவிட்டால் காகம் பார்த்துக்கொண்டிருக்காது. வெயிலும் சும்மா விடாது. கூட்டுப் படம் வேண்டாம், மகன். இருக்கிற இடத்தை யாருக்கும் சொல்லவும் வேண்டாம். இதில் நான் இளக மாட்டேன்.

அப்புறம் அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரத்துக்குப் போவோம். தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்களில் சாம்பல்தலை மீன்கழுகு இருக்கும். இங்கினியாகலையிலிருந்து படகு. படகில் முக்காலி வைத்தால் எஞ்சின் அதிர்வு அப்படியே லென்ஸுக்கு ஏறும், கையில்தான் பிடிக்கவேண்டும். எடையைப் பற்றி நான் இவ்வளவு எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரும்போது சிலிக்கா ஜெல் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவா, இந்த ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். எந்தத் திகதி வருகிறாய் என்று முன்கூட்டியே சொல், படகுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா