அப்பாவ மீட்டுக் கொடுத்த எல்லாருக்கும் எங்க குடும்பத்தோட நன்றி

ரெண்டு மாசமா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், இன்னைக்கு பக்கவாதம் (ஸ்ட்ரோக்) வந்து விழுந்த அப்பா தானா சட்ட பட்டன் போட்டதப் பாத்ததும் உக்காந்துட்டேன்.

முதல் நன்றி எங்க ஊரு கடைத்தெரு டீக்கடை அண்ணனுக்கு. அன்னைக்கு காலைல அப்பா கையில இருந்த டீ டம்ளர் அப்படியே சரிஞ்சு வேட்டில கொட்டிருச்சு, சுடச்சுட டீ, ஆனா அப்பா டம்ளர் சாஞ்சதே தெரியாம பேசிட்டு இருந்திருக்காரு, பேச்சும் குழறலா. பத்து நிமிஷத்துல எல்லாம் சரியாயிடுச்சு. அண்ணன் தான் விடாம எனக்கு போன் பண்ணி "தம்பி, முந்தாநாளும் இதே வலது கை தான், இதே மாதிரி தான் வாய் கோணுச்சு, சும்மா விடாத"ன்னாரு. அந்த "இதே மாதிரி" எவ்வளவு பெரிய துப்புன்னு பின்னாடி தான் தெரிஞ்சுச்சு.

பக்கத்துல ஒரு க்ளினிக்ல காட்டினோம், அசதின்னு சொல்லி ட்ரிப்ஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. யாரோ பிபி தான்னு சொல்லவும் வீட்ல பிபி மாத்திரையை ஒன்னுக்கு ரெண்டா கொடுத்துட்டோம், அது எங்க தப்பு. மறுநாள் விடிகாலைல கட்டில்ல இருந்து எழுந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. திருத்துறைப்பூண்டில இருந்து தஞ்சாவூர் வரைக்கும் 108ல கூட வந்த ரெண்டு தம்பிங்களுக்கும் கோடி நன்றி, ஏறின உடனே அவங்க கேட்ட முதல் கேள்வி "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு"ங்கிறது தான், மூளைக் குழாய அடைக்கிற ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா தான் பலன்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. அப்பா தூங்கி எழுந்தப்ப வந்ததால நேரம் சொல்ல முடியல, ஊசி போட முடியல.

டாக்டரம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல வச்சு, இடது பக்கம் மூளைக்குள்ள இருக்குற பெரிய ரத்தக்குழாய் முக்கால்வாசி சுருங்கிருக்குன்னு சொல்லிட்டு, அந்தப் பக்க மூளைல நாத்து நட்ட மாதிரி வரிசையா வெள்ளைப் புள்ளி காட்டுனீங்க. அப்பா விவசாயின்னு தெரிஞ்சதும் நீங்க சொன்னது அப்படியே மனசுல நிக்குது: "ரெண்டு வாய்க்காலோட கடைமடையும் சந்திக்கிற வயல் மாதிரி இந்த இடம், மேல தண்ணி குறைஞ்சா முதல்ல காயறது இது தான், பிபி இறங்கினதும் இங்க தான் காஞ்சிருக்கு." இதயத்துல இருந்து ரத்தக்கட்டி கிளம்பி வந்தா பெரும்பாலும் பெரிய பரப்பா அடிக்கும், இல்லன்னா ரெண்டு பக்கமும் சிதறி விழும், சுருங்கின குழாய்னா அதே கை அதே பேச்சுன்னு திரும்பத் திரும்ப வந்து போகும், குழாய் சுவத்துல படிஞ்ச கொழுப்பு சின்னக் கிளையோட வாயை மூடினாலும் வரும், துண்டா உடைஞ்சு கீழ போய் அடைச்சாலும் வரும்னு அத்தனையும் பொறுமையா சொன்னீங்க. நம்ம ஆளுங்களுக்கு மூளைக்குள்ள இருக்குற குழாய்ல சுருக்கம் வர்றது வெள்ளைக்காரங்கள விட அதிகம்னும் நீங்க சொல்லித் தான் தெரியும்.

நான் தான் அவசரப்பட்டு ஸ்டென்ட் (குழாய விரிச்சுப் பிடிக்கிற கம்பி வலை) வச்சிருங்க, நிலத்த அடமானம் வைக்கிறேன்னு நின்னேன். வேணாம்னு தடுத்தீங்க. அமெரிக்கால இதே மாதிரி மூளைக்குள்ள குழாய் சுருங்கின 451 பேர வச்சு பாத்து 2011ல வெளிவந்த ஆய்வுல, ஸ்டென்ட் போட்டவங்கள்ல 30 நாளுக்குள்ள ஸ்ட்ரோக்கோ சாவோ வந்தது 14.7 சதவீதம், மாத்திரையும் கவனிப்பும் மட்டும் எடுத்தவங்கள்ல 5.8 சதவீதம்னு எழுதியே காட்டுனீங்க. ரத்தம் கட்டாம தடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோகிரல் ரெண்டும் மூணு மாசம், அப்புறம் ஒன்னு மட்டும், கொழுப்பு மாத்திரை, சர்க்கரை கண்ட்ரோல், பீடிக்கு முழுக்கு. முதல் சில நாள் பிபிய வேகமா இறக்காம காத்துட்டு இருந்தீங்களே, நர்ஸ் அக்காங்க ராத்திரி முழுக்க மாத்தி மாத்தி பிபி பாத்தாங்களே, அதெல்லாம் மறக்க மாட்டோம்.

பிசியோ தங்கச்சி, துணி க்ளிப்பையும் பச்சைப் பயறையும் வச்சே விரல பழக்கிட்டம்மா. பெரியப்பா பையன் எங்க வயலுக்கு தண்ணி கட்டிட்டு, கூலி கொடுக்கப் போனப்ப கோவிச்சுக்கிட்டான்.

தை அறுப்பு முடிஞ்சதும் புது அரிசி எடுத்துட்டு தஞ்சாவூர் வர்றோம், யார் யாருக்கு எத்தனை படின்னு அப்பா இப்பவே கணக்கு போட்டுட்டாரு, டீக்கடை அண்ணன் பேரு தான் முதல்ல.