கூட்டைக் காத்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மதியம் வெயில் ஏறியதும் கொல்லைப் பெட்டியிலிருந்து தேனீக்கள் வெளியே வந்து பறந்தன. குளிர்காலத்தைத் தாண்டிக் கூடு பிழைத்துவிட்டது. மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை, ஆனாலும் இன்றே எழுதிவிடத் தோன்றியது.

நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். தேனீக்களுக்குத் தீனியாகச் சர்க்கரை கொண்டுவந்து வைத்தவர்கள், காற்றுக்கு மறைப்புக் கட்டியவர்கள், மூடி பறக்காமல் கல் ஏற்றியவர்கள், ராத்திரியில் கூப்பிட்டாலும் போனை எடுத்து வழி சொன்னவர்கள் எல்லோருக்கும் நன்றி.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேனீ என்றாலே அவருக்குப் பயம். நான் வீட்டில் இல்லாத அந்த நாட்களில், யாரும் கேட்காமலேயே காலையில் வந்து, பெட்டியின் வாசலை அடைத்துக் கிடந்த செத்த தேனீக்களை வளைத்த கம்பியால் இழுத்துப் போட்டிருக்கிறார். குளிர்காலத்தில் சில தேனீக்கள் சாவது இயல்புதான். ஆனால் வாசல் அடைபட்டால் காற்றோட்டம் நின்று உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். குளிரைவிட அந்த ஈரம் பொல்லாதது. அப்புறம் ஒருநாள் பெட்டியோடு போனை ஒட்டிவைத்துப் பதிவு செய்து அனுப்பினார். முதலில் அவருடைய வளையல் சத்தம், பிறகு உள்ளேயிருந்து மெல்லிய ரீங்காரம். "சத்தம் கேக்குது பாரு தம்பி, நிம்மதியா இரு" என்றார். அழுதுவிட்டேன்.

குளிரில் தேனீக்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் நடுங்கவைத்துச் சூடு உண்டாக்குகின்றன. தேனீயாக வளரும் புழுக்கள் கூட்டில் இருக்கும்போது கூட்டத்தின் நடுப்பகுதி 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அத்தனைக்கும் தேன்தான் விறகு. 100 கிராம் தேனில் சுமார் 80 கிராம் சர்க்கரை, 300 கலோரி. வைட்டமின்களும் தாதுக்களும் சொற்பம்தான். நமக்கு ருசி, அவற்றுக்கு உயிர். அதனால் வரும் பருவத்தில் பெட்டியைப் பின்பக்கம் தூக்கிப் பார்த்து, குளிருக்குப் போதுமான கனம் இருக்கிறது என்று தெரிந்த பிறகே என் பங்கை எடுப்பேன்.

அக்கா, அதில் முதல் பாட்டில் உங்களுக்கு. பேத்திக்கு மட்டும் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டு வைக்கக்கூட வேண்டாம். தேனில் சில சமயம் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகிவிடும். பிறந்தநாள் கழியட்டும், அவள் பங்கை நானே கொண்டுவந்து தருகிறேன்.