மதிகேடனுக்காக வாதாடிய அடிகளாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கௌனிலோ அடிகளாருக்கு,

வணக்கம். "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்று தொடங்கும் 14ஆம் சங்கீதத்தைச் சிறு வயதிலிருந்தே வாசித்து வருகிறேன். அந்த மதிகேடனை நின்று பார்த்ததே இல்லை. அவன் சார்பில் பேச ஒருவர் இருந்தார், அவரும் ஒரு துறவி என்பது உங்கள் சில பக்கங்களைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

கடவுள் இருக்கிறார் என்பதை வாதத்தால் நிறுவ முயலும் 'புரோஸ்லோகியன்' நூலை, உங்கள் காலத்துத் துறவி ஆன்செல்ம் எழுதியதை, விசுவாசியாகத்தான் திறந்தேன். இரண்டாம் அதிகாரத்திலேயே இடறி நின்றுவிட்டேன். எதைவிடப் பெரியதொன்றை நினைக்கவே முடியாதோ, அதுவே கடவுள் என்கிறார். இதைக் கேட்கும் மதிகேடனுக்கும் பொருள் விளங்குகிறது. ஆகவே அது அவன் மனதில் இருக்கிறது. மனதில் மட்டும் இருப்பதைவிட மெய்யாகவும் இருப்பது பெரிது. அது மனதில் மட்டுமே இருந்தால், அதைவிடப் பெரியதை நினைத்துவிடலாம். ஆகவே அது மெய்யாகவே இருந்தாக வேண்டும். பிழை எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. மனம் ஒப்பவும் இல்லை. என் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணி நாள் கணக்கில் உள்ளுக்குள் வருந்தினேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால், நூலின் கடைசியில், அந்த வாதத்துக்கு மறுப்பு எழுதியவராக நீங்கள் இருந்தீர்கள்.

கடலில் எங்கோ தொலைந்துபோன ஒரு தீவு. எல்லாச் செல்வமும் நிறைந்தது, குடியிருப்பவர் யாரும் இல்லாதது, மற்ற நிலங்கள் அனைத்திலும் சிறந்தது. ஒருவன் வந்து இதைச் சொன்னால் எனக்குப் புரியும். 'இவ்வளவு சிறந்த தீவு மெய்யாகவும் இருந்தே தீரும், இல்லாவிட்டால் சிறந்ததாகாதே' என்று அவனே தொடர்ந்தால்? அதை நம்பும் நான் பெரிய முட்டாளா, நம்பச் சொல்லும் அவன் பெரிய முட்டாளா என்று கேட்டீர்கள். எல்லாரும் நினைவில் வைத்திருப்பது இந்தத் தீவைத்தான். எனக்கோ அதற்கு முன் நீங்கள் சொன்னதுதான் ஆழமாகப் படுகிறது. 'கடவுள்' என்ற சொல்லைக் கேட்கிறேன்; அந்த ஒலிக்குப் பின்னால் ஏதோ ஒரு பொருளைப் பிடிக்க மனம் முயல்கிறது; அதற்காக அவர் என் அறிவுக்குள் வந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? ஜெபிக்கும் எவருக்கும் தெரிந்த தவிப்பு இது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆன்செல்மின் சொற்றொடரைப் பல இடங்களில் 'எல்லாவற்றிலும் பெரியது' என்று சுருக்கிவிட்டீர்கள். இரண்டும் ஒன்றில்லை. அவர் இதைச் சரியாகவே பிடித்துக்கொண்டார். தன் வாதம் அந்த ஒன்றைத் தவிர வேறு எதற்காவது பொருந்தும் என்று யாராவது காட்டட்டும். அப்படிக் காட்டினால், தொலைந்த அந்தத் தீவை நானே கண்டுபிடித்து, இனித் தொலையாதபடி கொடுக்கிறேன் என்றார்.

அந்த வாதத்துக்காக அவர் பட்ட பாடு உங்களுக்கு எட்டியிருக்குமோ என்னவோ. நார்மண்டியின் பெக் மடத்தில், 1077-78 வாக்கில், உணவும் உறக்கமும் பிடிக்காமல், ஜெபத்திலும் மனம் நிலைக்காமல் தவித்தார் என்று அவருடைய சீடர் ஈட்மர் எழுதிவைத்திருக்கிறார். இதெல்லாம் சோதனைக்காரனின் வேலையோ என்றுகூட அஞ்சினாராம். ஓர் இரவு ஜெபத்தின் நடுவே எல்லாம் தெளிந்தது. மெழுகுப் பலகைகளில் எழுதி ஒரு சகோதரரிடம் கொடுத்தார், காணாமல் போயின. மறுபடி எழுதினார், ஒருநாள் காலையில் அவை உடைந்து தரையில் சிதறிக் கிடந்தன. சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்து, ஒருவழியாகப் படித்தெடுத்து, பதப்படுத்திய தோலில் எழுதச் செய்தார்.

இப்படி உயிரைக் கொடுத்துக் காத்த நூலுக்கு எதிராக, தூர் நகருக்கு அருகே மார்மூத்தியே மடத்திலிருந்து உங்கள் மறுப்பு வந்தது. ஆன்செல்ம் நன்றி சொன்னார், பதில் எழுதினார். தன் நூலைப் படியெடுப்பவர்கள் உங்கள் மறுப்பையும் தன் பதிலையும் அதோடு சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உங்களைப் பற்றி வேறு எதுவும் அநேகமாக எங்களிடம் இல்லை. 1093இல் கேன்டர்பரியின் பேராயரான அவர், தன் நூலுக்குள் உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில்தான் நீங்கள் 900 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறீர்கள். இந்தச் செயலுக்காகவே அவரை நேசிக்கிறேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை, அடிகளாரே. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஆன்செல்மின் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 1641இல் பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் அதை வேறு வடிவில் எழுப்பினார். 1781இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட், இருத்தல் என்பது ஒரு பொருளோடு கூட்டிச் சொல்லும் பண்பே இல்லை என்றார். இன்றும் இரு பக்கமும் ஆள் இருக்கிறது.

நான் திரும்பத் திரும்பப் போவது உங்கள் கடைசிப் பத்திக்குத்தான். இவ்வளவு மறுத்த பிறகு, நூலின் மற்றப் பகுதிகளில் பக்தியின் நறுமணம் வீசுகிறது, தொடக்கத்து வாதம் வலுவில்லை என்பதற்காக அவற்றைத் தள்ளிவிடக் கூடாது, வாதத்தைத்தான் இன்னும் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த இரவு, நான் நிறுத்தியிருந்த இடத்துக்குத் திரும்பினேன். முதல் அதிகாரத்தில் ஆன்செல்ம் செய்யும் ஜெபத்தை வாய்விட்டு வாசித்தேன். பிறகு இரண்டாம் அதிகாரம். இந்த முறை அச்சமில்லாமல்.

அன்புடன்,
உங்கள் பக்கங்களைப் பிந்திக் கண்டெடுத்த ஒரு வாசகன்