விதைக்கிழங்கு இனத்தைத் தெரிவுசெய்வோருக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வலிகாமத்துச் செம்மண்ணில் உருளைக்கிழங்கு செய்கிறவர்களுள் ஒருவனாக இதனை எழுதுகிறேன். எந்த இனத்து விதைக்கிழங்கை எடுப்பது என்ற பேச்சு வரும்போது விளைச்சல், நோய் தாங்கும் திறன், தோலின் நிறம் ஆகியவற்றையே கேட்கிறோம். அடிபட்டால் தோலுக்குள் கறுத்துப்போகும் குணத்தையும் கேட்டறிந்து, இனி அதற்கும் இடம் கொடுத்துத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கிண்டும்போதோ சாக்கை லொறியில் எறியும்போதோ அடிபட்ட கிழங்கில், தோல் கிழியாமலே உள்ளிருக்கும் கலங்கள் உடைகின்றன. அவற்றிலுள்ள தைரோசின் என்னும் அமினோ அமிலம் நொதியத்தின் துணையோடு ஒட்சியேற்றமடைந்து மெலனின் என்னும் கருநிறப் பொருளாக மாறுவதால், ஓரிரு நாட்களில் தோலுக்குச் சற்றுக் கீழே கருநீலத் திட்டு விழுகிறது. அதனால், மருதனார்மடச் சந்தையில் குறையின்றித் தெரிந்த கிழங்கு, வாங்கியவரின் அடுக்களையில் கறுப்பாக நிற்கிறது. விற்றவருக்கு அது தெரிவதே இல்லை.

ஒரே உயரத்திலிருந்து விழுந்தாலும் எல்லா இனங்களும் ஒரேயளவு கறுப்பதில்லை. தைரோசின் அளவு, கலச்சுவரின் உறுதி, உலர்பொருளின் (நீர் நீங்கலாக எஞ்சும் பகுதியின்) அளவு என்பன இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. உலர்பொருள் கூடிய, அவித்தால் மாவாக உதிரும் கிழங்குகளே பெரும்பாலும் எளிதில் கறுக்கின்றன என்பது, அவற்றையே விரும்பிச் சமைக்கும் நமக்குச் சற்றுச் சங்கடமான செய்திதான். அமெரிக்காவின் றேஞ்சர் றசெற் என்னும் இனம் இப்படி எளிதில் கறுப்பதில் பேர்போனது. அந்த நொதியத்தைக் குறைக்கும்படி மரபணு மாற்றப்பட்ட கிழங்குகளுக்கு அங்கு 2014இல் அனுமதி கிடைத்தது. நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஐரோப்பிய இன விபரப் பட்டியல்கள் பலவற்றில் உள்நசிவை, அதாவது அடிபட்டு உள்ளே கறுப்பதை, தாங்கும் திறனுக்குத் தனி மதிப்பீடு உண்டு. விதைக்கு விலை கேட்கும்போதே அதனையும் கேட்டுப் பெறலாம்.

ஆயினும் குளிர்நாட்டு மதிப்பீட்டை அப்படியே நம்பிவிடவும் முடியாது. நீர் வற்றிய கிழங்கு உள்ளே அதிகம் கறுக்கும். நீர் நிறைந்த கிழங்கோ அடிபட்டால் வெடிக்கும். தோல் முற்றுவதற்காக இறைப்பை நிறுத்திவிட்டு மாசி, பங்குனி வெயிலில் கிண்டும் நமது வழக்கத்தில் எந்த இனம் தாங்குகிறது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். பொட்டாசுப் பசளை குறைந்தாலும் கறுப்பு கூடும் என்பதால், சோதனைப் பாத்திகளுக்கு ஒரேயளவு பசளை இடப்பட வேண்டும். வெப்பத்தால் சதையின் உட்பகுதியில் விழும் கபிலப் புள்ளிகளை இதனோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அவை அடிபடாமலே, மண்ணுக்குள் இருக்கும்போதே உண்டாகின்றன. அற்லான்ரிக் போன்ற இனங்களில் அவை அதிகம்.

சோதனைக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒவ்வோர் இனத்திலும் ஒரேயளவான கிழங்குகளை எடுத்து, ஒரே உயரத்திலிருந்து விழுத்தி, இரண்டு நாள் வைத்துத் தோல் சீவிக் கறுத்தவற்றை எண்ணினால் போதும். யாழ்ப்பாணம் திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு வரும் அறுவடையிலேயே இதனைச் செய்து, அடுத்த போகத்து விதைக்கிழங்குக்குப் பதிவு தொடங்கும் முன்னர் முடிவுகளைக் கமநல சேவை நிலையங்களில் தமிழில் ஒட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வலிகாமத்து உருளைக்கிழங்குச் செய்கையாளர் ஒருவர்