டான்ஜியர் வீட்டுக்கு வழிகாட்டியவர்களுக்கு

அன்புடையீர்,

போன ஞாயிறு எங்கள் ஊர் நூலகத்தில், மொராக்கோவின் டான்ஜியரில் உள்ள பழைய அமெரிக்கத் தூதரக வீட்டைப் பற்றிப் பேசினேன். நன்றாக இருந்தது என்று பலர் சொன்னார்கள். அதில் பாதிக்குமேல் உங்களுக்குச் சேர வேண்டியது.

முதலில், பழைய நகரின் சந்துகளில் நான் மூன்றாம் முறையாகத் தன் கடை வாசலைக் கடந்ததைப் பார்த்து, பேரனை உட்காரவைத்துவிட்டுக் கூடவே வந்த ரொட்டிக்கடைப் பெரியவருக்கு. அவர் இல்லாவிட்டால், தெருவுக்கு மேலே வளைவு போட்டு இரண்டு பக்கமும் நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு அடியிலேயே நடந்து போயிருப்பேன். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

அப்புறம் அருங்காட்சியகப் பெண்மணிக்கு. 1777-லேயே அமெரிக்கக் கப்பல்களுக்குத் துறைமுகம் திறந்த நாடு மொராக்கோ என்பதும், 1821-இல் சுல்தான் மௌலே சுலைமான் கொடுத்த இந்த வீடுதான் அமெரிக்க அரசுக்கு வெளிநாட்டில் கிடைத்த முதல் சொத்து என்பதும் படித்துத் தெரிந்தவை. சிங்கக் கடிதம் தெரியாது. 1839-இல் இங்கிருந்த தூதரக அதிகாரி தாமஸ் கார் தன் அரசுக்கு எழுதியது. அப்போதிருந்த சுல்தான் ஒரு சிங்கத்தையும் பெண் சிங்கத்தையும் பரிசாக அனுப்பியிருக்கிறார். பரிசு வாங்க எங்கள் சட்டம் இடம் தராது என்று இவர் மன்றாட, அப்படியானால் தெருவில் அவிழ்த்துவிட்டுப் போகிறோம் என்றார்களாம் கொண்டுவந்தவர்கள். வேறு வழி? ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார். அந்தக் காலத்துச் சாய்வெழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தது. அந்தப் பெண்மணி கண்ணாடிமேல் விரல் ஓட்டி வரிவரியாகப் படித்துக்காட்டினார், நடுநடுவே சிரிப்பை அடக்கமுடியாமல். எங்கள் நூலகத்திலும் அந்த இடத்தில்தான் சிரிப்பு அதிகம்.

1956-இல் மொராக்கோ விடுதலை பெற்றபின் தூதரகம் தலைநகர் ரபாத்துக்குப் போனது. வீடு கவனிப்பாரற்றுப் போகாமல், 1976-இல் முன்னாள் தூதரக அதிகாரிகள் சிலர் சேர்ந்து அதை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். முகம் தெரியாத அவர்களுக்கும் நன்றி. சுல்தான் கொடுத்ததைவிட இவர்கள் காப்பாற்றியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிரெஞ்சுக் குறிப்புகளை இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியிலேயே தமிழில் சொன்ன தங்கைக்கும், கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பிய நூலக அண்ணனுக்கும் நன்றி. அண்ணே, உங்கள் பென்டிரைவ் என் சட்டைப் பையோடு வந்துவிட்டது. புதன்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.