பைத்தான்ல கிளாஸை இப்படி ஆரம்பிச்சா பசங்களுக்கு புரியாது

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வர்ற ப்ரோக்ராமிங் தொடரை விடாம படிக்கிறேன், பைத்தான் ஃபங்ஷன் வரைக்கும் ரொம்ப நல்லா போச்சு. ஆனா போன வாரம் ஆப்ஜெக்ட் ஓரியன்டட்னு ஆரம்பிச்சதுமே என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிஸம்னு நாலையும் ஒரே மூச்சுல இறக்கிட்டாரு எழுதுறவரு. கூடவே எல்லாரும் சொல்ற அதே உதாரணம், கிளாஸ்ங்கிறது வீட்டு ப்ளான், ஆப்ஜெக்ட்ங்கிறது கட்டின வீடாம். சரி, அந்த ப்ளான்ல மெத்தட், அதாவது கிளாஸுக்குள்ள எழுதுற ஃபங்ஷன், எங்க இருக்கு? எங்கிட்ட கோடிங் கத்துக்க வர்ற பசங்க தடுக்கி விழறதே அந்த மெத்தட்லதான் சார்.

என்னைக் கேட்டா முதல்ல கிளாஸே வேண்டாம். பேங்க் கணக்குக்கு ப்ரோக்ராம் எழுதச் சொல்லுங்க. ஒரு கணக்குன்னா பேருக்கு ஒரு வேரியபிள், பேலன்ஸுக்கு ஒண்ணு, பணம் போட ஒரு ஃபங்ஷன், முடிஞ்சுது. அதுவே அம்பது கணக்கு ஆகட்டும், பேருக்கு ஒரு லிஸ்ட், பேலன்ஸுக்கு ஒரு லிஸ்ட்னு வெச்சுக்கிட்டு நடுவுல ஒருத்தரை பேர் லிஸ்ட்ல மட்டும் டெலீட் பண்ணிட்டு பேலன்ஸ்ல மறந்துட்டா, அதுக்கப்புறம் இருக்கிற எல்லார் பணமும் அடுத்தவன் பேருக்கு போயிடும். இதுல ஒரு தடவை மாட்டினவன் டேட்டாவையும் அதை மாத்துற ஃபங்ஷனையும் சேத்தே வெக்கலாமேன்னு அவனே கேப்பான், அப்ப கிளாஸ்னு சொன்னா போதும். கிளாஸ் பொறந்ததும் இப்படித்தான். நார்வேல டாலும் நைகார்டும் சிமுலேஷன், அதாவது நிஜத்துல நடக்கிறதை கம்ப்யூட்டர்ல நடத்திப் பாக்குற ப்ரோக்ராம், எழுதத்தான் சிமுலாங்கிற மொழியை உருவாக்குனாங்க, ஒரே வகைப் பொருள் பல, ஒவ்வொண்ணும் தன் நிலையை தானே வெச்சுக்கணும், அந்தத் தேவைக்குத்தான் சிமுலா 67ல கிளாஸ் வந்துச்சு. சிமுலாவை யூஸ் பண்ணிப் பாத்த ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979ல சி மொழில கிளாஸ் சேக்க ஆரம்பிச்சாரு, அதுதான் பின்னாடி சி பிளஸ் பிளஸ்.

அப்புறம் இந்த செல்ஃப். 'மெத்தட்ல செல்ஃப் கண்டிப்பா போடணும்'னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, ஏன் போடணும்? கணக்கு1.டெபாசிட்(500)னு எழுதுனா உள்ள நடக்கிறது அக்கவுன்ட்.டெபாசிட்(கணக்கு1, 500), இதுல அக்கவுன்ட்ங்கிறது கிளாஸ் பேரு. புள்ளிக்கு முன்னாடி இருக்கிற ஆப்ஜெக்ட் முதல் ஆர்க்யுமென்டா, அதாவது ஃபங்ஷனுக்கு குடுக்கிற முதல் மதிப்பா, போய் உக்காந்துக்குது, அதை வாங்கிக்கிறதுதான் செல்ஃப். ரெண்டாவது மாதிரியே எழுதி ரன் பண்ணுங்க, அதுவும் ஓடும்! செல்ஃப் போடாம விட்டா 'ஒரு ஆர்க்யுமென்ட்தான் வாங்கும், நீ ரெண்டு குடுத்திருக்க'ங்கிற மாதிரி எரர் வரும், நான் ஒண்ணுதானே குடுத்தேன்னு பசங்க முழிப்பாங்க. அந்த எரரை வேணும்னே வரவெச்சு காட்டுனா அஞ்சு நிமிஷத்துல மெத்தட் புரிஞ்சிடும். ஜாவா மொழில செல்ஃபுக்கு பதிலா இருக்கிற திஸ்ஸை மொழியே மறைச்சு குடுத்துடுது, அதனால அங்க இதைக் காட்டுறது கொஞ்சம் கஷ்டம்.

இன்னொண்ணு, தொடர்ல வந்த கோட்ல ஹிஸ்டரிங்கிற காலி லிஸ்டை நேரா கிளாஸ் அடியிலயே போட்டிருக்காரு. அது எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான ஒரே லிஸ்ட், கணக்கு1ல அப்பென்ட் பண்ணது கணக்கு2லயும் தெரியும். ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடுற இனிட் மெத்தட்குள்ள செல்ஃப்.ஹிஸ்டரின்னு வெச்சாத்தான் ஆளுக்கு ஒண்ணு. இதுக்கு திருத்தம் போடுங்க ப்ளீஸ், பசங்க அதை அப்படியே காப்பி பண்ணி டைப் அடிக்கிறாங்க.

அடுத்த வாரம் இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸை வெச்சு இன்னொரு கிளாஸ் உருவாக்குறதுன்னு போட்டிருக்கீங்க. அதுக்கு எல்லாரும் சொல்ற நாய் குலைக்கும், பூனை கத்தும் கதைக்கு அவசரமே இல்ல, கொஞ்ச வாரம் தள்ளி வெச்சுட்டு மெத்தடை இன்னொரு தடவை நிதானமா எழுதச் சொல்லுங்க. அப்படியே லேஅவுட் பண்றவங்ககிட்டயும் சொல்லிடுங்க, போன வாரம் பேப்பர் பத்திக்குள்ள அடைக்கிறதுக்காக கோட்ல வரிக்கு முன்னாடி இருந்த ஸ்பேஸை எல்லாம் தூக்கிட்டாங்க, பைத்தான்ல அந்த ஸ்பேஸை வெச்சுத்தான் எது கிளாஸுக்குள்ள எது வெளிலன்னே தெரியும், அச்சானபடியே டைப் பண்ணா இன்டென்டேஷன் எரர்தான் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்