கரப்பானில் சீழ் பிடிப்பது அழுக்கால் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எக்ஸிமா என்னும் கரப்பானில் அடிக்கடி சீழ் பிடித்தால், "ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்று பழி விழுகிறது. உடனே கிருமிநாசினி சோப்பும் நாரும் வருகின்றன. புண் இன்னும் பெருகுகிறது. குறை சுத்தத்தில் இல்லை, தோலின் புரதங்களில் இருக்கிறது.

மேல்தோலில் உள்ள ஃபிலாக்ரின் என்ற புரதம் கெரட்டின் என்ற தோல் புரத இழைகளை இறுக்கிக் கட்டுகிறது. பிறகு தானே சிதைந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களாகவும் தோலுக்கு லேசான அமிலத்தன்மை தரும் பொருள்களாகவும் மாறுகிறது. இதன் மரபணுக் கோளாறுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளியானது. கோளாறு எல்லோருக்கும் இருப்பதில்லை. ஆனால் அழற்சியே ஃபிலாக்ரினைக் குறைத்துவிடுவதால், மரபணு சரியாக இருப்பவர்களுக்கும் அது பற்றாமல் போகிறது.

இதோடு முடியவில்லை. எல்எல்-37, பீட்டா டிஃபென்சின் போன்ற கிருமிக்கொல்லிப் புரதத் துணுக்குகளைத் தோலே சுரக்கிறது. செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் என்ற தோல்நோயில் இவை ஏராளம். அவ்வளவு செதில் உதிர்ந்தும் அதில் சீழ் பிடிப்பது குறைவு. எக்ஸிமாவிலோ ஐஎல்-4, ஐஎல்-13 என்ற அழற்சிப் புரதங்கள் இந்தச் சுரப்பை அமுக்கிவிடுகின்றன. காவலற்ற தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற சீழ் பிடிக்கவைக்கும் பாக்டீரியா குடியேறுகிறது. அதன் நச்சு அழற்சியை மேலும் கிளப்புகிறது.

அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு, தோலில் 5-ஐ ஒட்டியது, அதாவது லேசான அமிலம். சாதாரண சோப்புக்கு அது 9, 10, அதாவது காரம். தேய்க்கத் தேய்க்க இருக்கிற அரணும் கரைகிறது. வெதுவெதுப்பான நீர், சோப்பில்லா கிளென்சர், 5 முதல் 10 நிமிடக் குளியல், ஒற்றித் துடைத்தல், ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர், இதுவே முறை. உடல் முழுதும் பரவியிருந்தால் பெரியவருக்கு வாரம் 250 முதல் 500 கிராம் மாய்ஸ்சரைசர் வேண்டும். பலர் ஒரு சிறு டியூபை மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுக்கவும், இல்லையேல் கிருமி டப்பாவிலேயே வளரும்.

ஸ்டீராய்டு களிம்பைக் கண்டு பயந்து பூசாமல் விடுவதும் தொற்றுக்கு வழிதான். அழற்சி அடங்கினால் கிருமியும் குறையும். களிம்பைப் பெரியவரின் சுட்டுவிரலில், நுனியை அடுத்த மடிப்புக் கோட்டிலிருந்து நுனிவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களும் சேர்ந்த இரு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஆன்டிபயாட்டிக் களிம்பை மாதக்கணக்கில் பூசுவதோ கிருமிக்கு எதிர்ப்புச் சக்தியைப் பழக்கித் தருவதாகும். தேன்நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல் என்றால் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒரே அளவில், துளையிட்டது போன்ற சிறு புண்கள் கூட்டமாகத் தோன்றி, அரிப்பைவிட வலி மிஞ்சினால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் அதற்குப் பயன்படாது. அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து அன்றே தொடங்கப்பட வேண்டும். கண்ணருகே வந்தால் கண் மருத்துவரும் பார்க்க வேண்டும். உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் உள்ளவர்கள், எக்ஸிமா உள்ள குழந்தையை முத்தமிடாதிருப்பது நல்லது.

இப்படிக்கு,
தோல் மருத்துவர் ஒருவர்